தோல்வியே இல்லை என்பது மட்டும் போதுமா? இந்தியத் தொழில்முறை குத்துச்சண்டை வீரர்களின் வெற்றிக் கணக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

புதுடெல்லி: ஹரியானா மாநிலம் கர்னாலைச் சேர்ந்த நிஷாந்த் தேவ், 2025 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் தமது முதல் தொழில்முறை குத்துச்சண்டைப் போட்டியில் களமிறங்கினார். எதிர்த்து நின்ற அமெரிக்க வீரர் ஆல்டன் விக்கின்ஸ் முதல் சுற்றைக் கூடத் தாண்டவில்லை. நடுவர் சண்டையை நிறுத்தி நிஷாந்த் வென்றதாக அறிவித்தார். அன்று முதல் அவருக்கும் ஒரு வெற்றிக் கணக்கு தொடங்கியது.

இந்திய வீரர்கள் வெளிநாட்டு மேடைகளில் வெல்லும்போது, ‘தோல்வியே காணாதவர்’, ‘உலக சாம்பியன்’, ‘ஆசிய சாம்பியன்’ என்ற சொற்கள் செய்திகளில் இடம்பெறுகின்றன. ஆனால் உலகக் குத்துச்சண்டையில் முதன்மையானவையாகக் கருதப்படும் நான்கு அமைப்புகளின் உலகப் பட்டத்தை இந்திய வீரர் எவரும் இதுவரை வென்றதில்லை. இரண்டும் எவ்வாறு ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? தொழில்முறை குத்துச்சண்டையில் ஒரு வெற்றியின் மதிப்பு எதைப் பொறுத்தது? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அமெச்சூர் களமும் தொழில்முறைக் களமும்

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றில் நாம் காண்பது அமெச்சூர் குத்துச்சண்டை. ஒரு சண்டைக்கு 3 சுற்றுகள், ஒவ்வொரு சுற்றும் 3 நிமிடங்கள். அட்டவணையும் எதிராளியும் குலுக்கல் மூலம் முடிவாகின்றன. ஒரே தொடரில் சில நாள் இடைவெளியில் பல நாட்டு வீரர்களைச் சந்திக்க வேண்டும். தோற்றால் வெளியேற வேண்டும்.

தொழில்முறையில் புதிய வீரரின் சண்டைகள் பொதுவாக 4 அல்லது 6 சுற்றுகளுக்குத் திட்டமிடப்படுகின்றன. அனுபவம் கூடக்கூட அது 8, 10 சுற்றுகளாகி, உலகப் பட்டச் சண்டையில் 12 சுற்றுகளாகிறது. மகளிர் பிரிவில் பொதுவாகச் சுற்றுக்கு 2 நிமிடங்கள், அதிகபட்சம் 10 சுற்றுகள். மூன்று நடுவர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் புள்ளி வழங்குவர். சுற்றை வென்றவருக்கு 10 புள்ளிகள், மற்றவருக்கு வழக்கமாக 9 புள்ளிகள். கீழே விழுந்தவருக்கு மேலும் ஒரு புள்ளி குறையும்.

எடை பார்க்கும் முறையும் வேறு. அமெச்சூர் தொடரில் சண்டையிடும் நாளிலேயே எடை பார்க்கப்படுகிறது. தொழில்முறையில் பெரும்பாலும் முந்தைய நாள் பார்க்கப்படுவதால், உடலின் நீரைக் குறைத்து எடை காட்டி, பின்னர் ஓரளவு மீட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 69 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற ஹரியானா வீரர் மந்தீப் ஜாங்ரா, பத்து ஆண்டுகள் கழித்துத் தொழில்முறையில் சண்டையிட்டது 58.97 கிலோவை உச்ச வரம்பாகக் கொண்ட சூப்பர் ஃபெதர்வெயிட் பிரிவில்.

இவை அனைத்தையும் விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தொழில்முறையில் குலுக்கல் கிடையாது. எதிராளி தேர்வு செய்யப்படுகிறார்.

வெற்றிக் கணக்கு உருவாகும் விதம்

தொழில்முறைச் சண்டையை நடத்துபவர் புரமோட்டர். அரங்கம், தொலைக்காட்சி அல்லது ஸ்ட்ரீமிங் உரிமம், நுழைவுச்சீட்டு விற்பனை, இரு வீரர்களுக்குமான ஊதியம் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. ஒரு புதிய வீரரைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்யும் புரமோட்டர், அவரை வளர்த்துப் பெரிய சண்டையில் நிறுத்தித்தான் முதலீட்டைத் திரும்ப எடுக்க முடியும். எனவே தொடக்கக் காலச் சண்டைகளில் அந்த வீரர் வெல்லும் வாய்ப்பு அதிகமுள்ள எதிராளிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

இதை மோசடி எனக் கூற இயலாது. 3 சுற்றுப் பழக்கத்திலிருந்து நீண்ட சண்டைக்கு உடலையும் மனத்தையும் தயார்ப்படுத்த இவ்வழி உதவுகிறது. அதே வேளையில், இப்படிப்பட்ட சண்டைகளுக்கென்றே சில வீரர்கள் தொழில் நடத்துகின்றனர் என்பதும் உண்மை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த பீட்டர் பக்லி 1989 முதல் 2008 வரை 300 தொழில்முறைச் சண்டைகளில் பங்கேற்றார். அவற்றில் 256 தோல்விகள், 32 வெற்றிகள், 12 சமநிலை. குறுகிய கால அழைப்பில் வந்து, பலத்த அடிபடாமல் தற்காத்துக்கொண்டு, இளம் வீரர்களுக்குச் சில சுற்றுகள் அனுபவம் அளிப்பதே அவரது பணியாக இருந்தது. பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீதும் வளரும் பருவத்தில் அவரைச் சந்தித்தவர்.

ஆகவே 10 சண்டைகளில் 10 வெற்றி என்ற எண்ணிக்கை இருவருக்குப் பொதுவாக இருக்கலாம். ஒருவர் தரவரிசையில் உள்ளவர்களை வென்றிருப்பார். மற்றவர் தொடர்ந்து தோற்பவர்களை மட்டும் வென்றிருப்பார். எண்ணிக்கையில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

விஜேந்தர் சிங் காட்டிய பாதை

இந்தியாவில் தொழில்முறை குத்துச்சண்டை பரவலாகக் கவனிக்கப்பட்டது விஜேந்தர் சிங்கின் வருகைக்குப் பிறகே. அவருக்கு முன்பும் சிலர் இவ்வழியில் சென்றதுண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதியில் 12-12 என்ற சமநிலைக்குப் பின் மயிரிழையில் பதக்க வாய்ப்பை இழந்த குர்சரண் சிங், பின்னர் அமெரிக்கா சென்று தொழில்முறை வீரரானார். எனினும் அச்சண்டைகள் இந்திய ரசிகர்களைச் சென்றடையவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர், தமது 30ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, 2015 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைச் சண்டையில் சோனி வைட்டிங்கை மூன்றாவது சுற்றில் வென்றார். அடுத்த ஐந்து சண்டைகளும் குறித்த சுற்றுகளுக்கு முன்பே முடிந்தன. அந்த ஆறு சண்டைகளில் ஒன்றும் ஐந்தாவது சுற்றைத் தாண்டவில்லை.

ஏழாவது சண்டை வேறு விதமாக அமைந்தது. 2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில் முன்னாள் ஐரோப்பிய சாம்பியன் கெர்ரி ஹோப்பை எதிர்கொண்ட விஜேந்தர், முழுமையாக 10 சுற்றுகள் நின்று, மூன்று நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை வென்றார். முந்தைய ஆறு வெற்றிகளும் கூறாத ஒன்றை இச்சண்டை கூறியது: அவரால் நீண்ட சண்டையைத் தாங்க முடியும்.

அதன் பின்னர் நிகழ்ந்தது கவனத்திற்குரியது. முதல் ஏழு சண்டைகளை ஒன்பது மாதங்களில் முடித்தவர், அடுத்த ஏழு சண்டைகளுக்கு ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 2017 டிசம்பருக்குப் பின் அடுத்த சண்டை 2019 ஜூலையில்தான் நடந்தது. 2019 நவம்பரில் துபாயில் வென்றபின் கொரோனா காலமும் சேர்ந்து 16 மாத இடைவெளி ஏற்பட்டது. 2021 மார்ச் 19 அன்று கோவாவில் கேசினோ கப்பல் ஒன்றின் மேல்தளத்தில் நடந்த சண்டையில், ரஷ்ய வீரர் ஆர்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது சுற்றில் அவர் வீழ்ந்தார். 12 தொடர் வெற்றிகளுக்குப் பின் முதல் தோல்வி. அப்போது அவருக்கு வயது 35. 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் கானா வீரர் எலியாசு சுல்லேயை இரண்டாவது சுற்றில் வென்று மீண்டார்.

13 வெற்றிகள், ஒரு தோல்வி என்பது சிறந்த எண்ணிக்கையே. எனினும் உலகப் பட்டச் சண்டைக்கான வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தாமதமான தொடக்கமும் நீண்ட இடைவெளிகளும் இதில் பெரும் பங்கு வகித்தன எனலாம்.

பட்டங்களின் படிநிலை

குத்துச்சண்டையில் ஒரே எடைப் பிரிவில் ஒரே நேரத்தில் பல சாம்பியன்கள் இருப்பது ரசிகர்களைக் குழப்பும் செய்தி. காரணம், பட்டங்களை வழங்கும் அமைப்புகள் பல. அவற்றில் முதன்மையானவை நான்கு: 1921இல் தோன்றிய அமைப்பின் தொடர்ச்சியான டபிள்யூபிஏ, 1963இல் உருவான டபிள்யூபிசி, 1983இல் உருவான ஐபிஎஃப், 1988இல் உருவான டபிள்யூபிஓ. இந்நான்கின் உலகப் பட்டமே பெரிய அங்கீகாரமாகக் கருதப்படுகிறது. பொதுவாக அந்தந்த அமைப்பின் தரவரிசையில் முதல் 15 இடங்களுக்குள் இருப்பவரே அப்பட்டத்துக்குச் சவால் விட முடியும்.

இவற்றுக்குக் கீழே பல படிகள் உள்ளன. முதற்படி தேசியப் பட்டம். 2021இல் ஜலந்தரில் சாந்தினி மெஹ்ரா வென்ற டபிள்யூபிசி இந்தியா பட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. அடுத்தது கண்ட அல்லது வட்டாரப் பட்டம். விஜேந்தரின் ஆசிய பசிபிக் பட்டமும், 2015இல் நீரஜ் கோயத் வென்ற டபிள்யூபிசி ஆசியப் பட்டமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இளையோருக்கெனத் தனிப்பட்டங்களும் உண்டு. மிசோரமைச் சேர்ந்த லால்ரின்சங்கா ட்லாவ் 2022இல் டபிள்யூபிசி இளையோர் உலகப் பட்டத்தை சூப்பர் ஃபெதர்வெயிட் பிரிவில் வென்றார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நான்கு முதன்மை அமைப்புகளுக்கு வெளியே இயங்கும் அமைப்புகளும் ‘உலகப் பட்டம்’ என்ற பெயரிலேயே பட்டம் வழங்குகின்றன. 2024 நவம்பரில் கேமன் தீவுகளில் பிரிட்டனின் கானர் மெக்கின்டோஷை வென்று மந்தீப் ஜாங்ரா பெற்றது உலகக் குத்துச்சண்டை சம்மேளனம் எனப்படும் டபிள்யூபிஎஃப் அமைப்பின் பட்டம். வெளிநாட்டில், வெளிநாட்டு எதிராளிக்கு எதிராகப் பெற்ற அவ்வெற்றி உழைப்பின் பலன் என்பதில் ஐயமில்லை. ஆனால் டபிள்யூபிஎஃப், மேற்கூறிய நான்கில் ஒன்றன்று. ஓர் எழுத்து மாறினாலும் படி மாறிவிடுகிறது. செய்தியைப் படிக்கும்போது அமைப்பின் பெயரை முழுமையாகக் கவனிப்பது அவசியம்.

இடைநிலைப் பட்டங்கள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. வட்டாரப் பட்டம் பெற்றவருக்கு அந்த அமைப்பின் தரவரிசையில் இடம் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அது உலகப் பட்டச் சண்டைக்கான நுழைவாயிலாக அமையலாம். பட்டத்தைப் பெற்றபின் அவர் அடுத்த படியில் கால் வைத்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கோடிக்கணக்கானோர் பார்த்த சண்டை

2024 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில், மைக் டைசன் – ஜேக் பால் மோதிய அதே மேடையில், ஹரியானாவின் நீரஜ் கோயத்தும் சண்டையிட்டார். நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் நேரலையாக ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியின் முதன்மைச் சண்டையை உலகெங்கும் சுமார் 6 கோடி குடும்பங்கள் பார்த்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. கோயத்தை எதிர்த்தவர் பிரேசிலின் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞரும் யூடியூபருமான விண்டர்சன் நூனெஸ்.

ஆறு சுற்றுகள் முடிவில் மூன்று நடுவர்களும் 60-54 என்று கோயத்துக்கே வெற்றியை வழங்கினர். அதாவது ஆறு சுற்றுகளிலும் 10 புள்ளிகள் கோயத்துக்கு, 9 புள்ளிகள் நூனெஸுக்கு. ஒரு சுற்றைக் கூட எதிராளி வெல்லவில்லை. தொழில்முறை வீரர் ஒருவர், வேறு துறையில் புகழ்பெற்றவரோடு மோதினால் இத்தகைய முடிவு எதிர்பார்க்கத்தக்கதே.

ஊதியம், புகழ், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றில் கோயத்தின் வாழ்வில் அது முக்கியமான இரவு. ஆனால் அவ்வெற்றி அவரை எந்த உலகப் பட்டத்துக்கும் நெருக்கமாகக் கொண்டு செல்லும் வகையைச் சேர்ந்ததன்று. 2019இல் பிரிட்டனின் முன்னாள் உலக சாம்பியன் அமீர் கானைச் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில் எதிர்கொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. சண்டைக்குச் சில வாரங்களுக்கு முன் நேர்ந்த கார் விபத்தில் காயமடைந்து அவர் விலக நேரிட்டது. குத்துச்சண்டை அளவுகோலில், நடைபெறாமல் போன அச்சண்டையே பெரிய தேர்வாக இருந்திருக்கும்.

வீரர் எதைப் பணயம் வைக்கிறார்?

இந்தியாவில் அமெச்சூர் குத்துச்சண்டை வீரருக்குப் பதக்கம் என்பது வாழ்வாதாரமும் ஆகும். ராணுவம், ரயில்வே, காவல் துறை ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறது. தேசிய முகாமில் பயிற்சி, உணவு, மருத்துவம் ஆகியவற்றை அரசும் சம்மேளனமும் கவனிக்கின்றன. தொழில்முறைக்குச் செல்பவர் இந்தப் பாதுகாப்பைப் பெருமளவு இழக்கிறார். பயிற்சியாளர், மேலாளர், உடற்பயிற்சி, பயணம் ஆகிய செலவுகள் அவரது ஊதியத்திலிருந்தே பெரும்பாலும் கழிகின்றன. சண்டை நடக்காத மாதத்தில் வருமானமும் இல்லை.

ஒலிம்பிக் கதவு முற்றிலும் மூடப்பட்டிருக்கவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் தொழில்முறை வீரர்களும் தகுதிச் சுற்றில் பங்கேற்கலாம் என்ற விதி வந்தது. 2010 ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற விகாஸ் கிருஷன், 2019இல் அமெரிக்காவில் இரு தொழில்முறைச் சண்டைகளில் வென்றபின் அமெச்சூருக்குத் திரும்பி டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். அங்கு முதல் சண்டையிலேயே ஜப்பானின் செவோன் ஒகசாவாவிடம் தோற்றார். தொழில்முறையில் அவரது பயணம் அந்த இரு சண்டைகளோடு தடைபட்டது. இரு களங்களிலும் ஒரே நேரத்தில் முன்னேறுவது எளிதன்று என்பதற்கு இது சான்று.

மிகப் பெரிய பணயம் உடல்நலமே. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் 14 சுற்றுகள் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ மூளைக் காயத்தால் சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பின்னரே உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. நாக் அவுட் ஆனவருக்குக் கட்டாய ஓய்வு, சண்டைக்கு முன் மருத்துவப் பரிசோதனை ஆகியவை இன்று நடைமுறையில் உள்ளன. அமெரிக்காவில் 1996இல் வந்த பாதுகாப்புச் சட்டம், ஒரு மாநிலத்தில் மருத்துவக் காரணத்தால் தடை செய்யப்பட்டவர் மற்றொரு மாநிலத்தில் சண்டையிடுவதைத் தடுக்கிறது. 2000இல் முகமது அலியின் பெயரில் வந்த சட்டம், வீரரின் மேலாளரும் புரமோட்டரும் ஒருவராகவே இருந்து அவரைச் சுரண்டுவதைத் தடுக்கிறது. பிரிட்டனில் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்று இப்பணியைச் செய்கிறது. இந்தியாவில் தொழில்முறை வீரர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பாக இந்தியக் குத்துச்சண்டை கவுன்சில் இயங்குகிறது. அமெரிக்காவில் உள்ளதைப் போன்று தொழில்முறை குத்துச்சண்டைக்கெனத் தனிச் சட்டம் இங்கு இல்லை.

தோல்வி எப்போதும் பின்னடைவா?

தோல்வியற்ற கணக்கைக் காப்பதற்காகக் கடினமான சண்டைகளைத் தள்ளிப்போடுவது இத்துறையில் நெடுநாளைய வழக்கம். இதற்கு மாறான எடுத்துக்காட்டுகளும் உண்டு. இரு ஒலிம்பிக் தங்கம் வென்ற உக்ரைனின் வாசில் லோமசென்கோ, 2014 மார்ச் மாதம் தமது இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே அனுபவமிக்க ஆர்லாண்டோ சாலிடோவை எதிர்கொண்டு தோற்றார். மூன்றே மாதங்களில், மூன்றாவது சண்டையில் டபிள்யூபிஓ உலகப் பட்டத்தை வென்றார். ஜப்பானின் நவோயா இனோவே அதே ஆண்டு ஏப்ரலில் தமது ஆறாவது சண்டையிலேயே டபிள்யூபிசி உலகப் பட்டம் பெற்றார். இருவரும் அரிய திறமையாளர்கள். அவர்கள் வேகத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க இயலாது. எனினும், வலுவான எதிராளியிடம் பெற்ற தோல்வி, பலவீனமான எதிராளிகளிடம் பெற்ற பல வெற்றிகளை விட ஒரு வீரரைப் பற்றி அதிகம் கூறக்கூடும்.

அடுத்த செய்தியைப் படிக்கும்போது

இளம் வீரர் ஒருவரின் வெற்றிச் செய்தியைக் காணும்போது ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது, எதிராளி யார்? அவரது கணக்கில் வெற்றிகள் மிகுதியா, தோல்விகள் மிகுதியா? அவற்றில் அண்மைக் காலத்தவை எவை?

இரண்டாவது, சண்டை எத்தனை சுற்றுகளுக்குத் திட்டமிடப்பட்டது? 4 சுற்றிலிருந்து 8, 10 சுற்றுகளுக்கு வீரர் நகர்கிறாரா?

மூன்றாவது, பட்டச் சண்டை எனில் எந்த அமைப்பின் எந்தப் படியிலுள்ள பட்டம்?

நான்காவது, முந்தைய சண்டை எப்போது நடந்தது? வளரும் வீரருக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு சண்டைகளாவது தேவை.

ஐந்தாவது, வென்ற விதம் எத்தகையது? விரைவான நாக் அவுட் கண்ணைக் கவரும். ஆனால் அடி வாங்கியபின் மீண்டாரா, இறுதிச் சுற்றுகளில் தளராமல் நின்றாரா என்பதை நீண்ட சண்டைகளே காட்டுகின்றன.

இந்த அளவுகோலை நிஷாந்த் தேவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 2000 டிசம்பரில் பிறந்த அவர், 2023 தாஷ்கண்ட் உலக சாம்பியன்ஷிப்பில் 71 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 4-1 என்ற பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். வெர்டே அத்தொடரில் வெள்ளி வென்றார். தொழில்முறையில் அவர் தொடங்கியது 24 வயதில். விஜேந்தரோடு ஒப்பிட்டால் சுமார் ஐந்து ஆண்டுகள் முன்னதாக. உலகின் பெரிய புரமோட்டர் நிறுவனங்களுள் ஒன்றான மேட்ச்ரூமின் ஒப்பந்தமும், குத்துச்சண்டையின் முதன்மைச் சந்தையான அமெரிக்காவில் மேடையும் அவருக்கு உள்ளன.

வயதும் வாய்ப்பும் சாதகமாக உள்ளன. விக்கின்ஸை முதல் சுற்றில் வீழ்த்தியது நல்ல தொடக்கம் மட்டுமே. தரவரிசையில் உள்ள ஒருவரை 8 அல்லது 10 சுற்றுகளுக்கு அவர் சந்திக்கும் நாளிலேயே, இந்தியாவின் முதல் உலகப் பட்டத்துக்கான தூரம் எவ்வளவு என்பது ஓரளவு தெரியவரும்.